முதலில் காரணம், பிறகு கதவு

நகரத்தில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவர்களை வெளியே எடுக்கும் பொறுப்பு மின்தூக்கி வாரியத்துடையது. வெளியே எடுப்பது பெரிய வித்தையில்லை. மெக்கானிக் ஒரு சாவியைப் போட்டுத் திருகினால் கதவு திறக்கும். முன்பெல்லாம் வாரியத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு மெக்கானிக் போன வேகத்தில் கதவைத் திறந்து ஒரு பல் டாக்டரை வெளியே விட்டுவிட்டார். டாக்டரும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். லிஃப்ட் ஏன் நின்றது என்பது கடைசிவரை தெரியவேயில்லை. மாத அறிக்கையில் 'காரணம்' என்ற இடம் காலியாகப் போனது. அந்தக் காலியிடத்தைப் பார்த்த தலைவர் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று சொல்வார்கள். மறுநாளே விதி வந்துவிட்டது: முதலில் காரணம், பிறகு கதவு.

காரணத்தை எங்கே போய்த் தேடுவது? ஊரிலுள்ள ஒவ்வொரு லிஃப்டும் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதி வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். கதவைத் திறந்தேன், மூடினேன், நான்காம் மாடிக்குப் போனேன், யாரோ பொத்தானை அழுத்தினார்கள், சும்மா நின்றேன். இந்த வரிகளுக்கு லாக் என்று பேர். கோடிக்கணக்கான இந்த வரிகளைச் சில கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பங்கு போட்டு வைத்துக்கொண்டு, கேட்டால் தேடிக் கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பேர். கிளஸ்டர் தேடி முடிக்கும்வரை மெக்கானிக் லிஃப்ட் வாசலில் சாவியும் கையுமாக நிற்பார். உள்ளே இருப்பவர்களும் நிற்பார்கள்.

கிளஸ்டர் ஆரம்பத்தில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. போகப் போக அதற்கு என்ன ஆனதோ, ஒரு தேடலைத் தட்டிவிட்டு மெக்கானிக் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வரலாம் என்ற நிலை வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் புகார் செய்தார்கள். வாரியம் உடனே வேகக் குழு என்று ஒன்றை அமைத்தது. குழு பலமுறை கூடியும் கிளஸ்டர் அதைக் கண்டுகொள்ளாததால், வேறு வழியில்லாமல், கிளஸ்டரை வேகமாக்கத் தெரிந்த ஒருத்தியை வேலைக்கு எடுத்தார்கள்.

அவளை ஆபீசில் எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரையும், தலை நரைத்த பிறகும், புதுசு என்றுதான் கூப்பிட்டார்களாம். அவர் யாரையும் கேட்காமல் ஏதோ ஒன்றை வேகமாக்கிவிட்டார். இப்போது ஒரு கிளை அலுவலகத்தில் லிஃப்ட் பிரிவைக் கவனித்துக்கொள்கிறார். அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது.

புதுசு இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்ததற்கு அவளுடைய அக்காதான் காரணம். அக்கா பதினோராம் மாடியில் குடியிருந்தாள். நிறைமாதம். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வாரம் தவறாமல் நின்றது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அக்கா உள்ளேயிருந்து தங்கைக்கு ஃபோன் போடுவாள்.

"ஏண்டி, உங்க மிஷின் தேடி முடிச்சுதா இல்லையா?"

"அக்கா, நான் இன்னும் வேலைல சேரவே இல்ல. திங்கக்கிழமைதான் சேரணும்."

"சரி, திங்கக்கிழமை வரைக்கும் உள்ளேயே நிக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல. பிள்ளைய இங்கயே பெத்து, இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்."

பிரசவ வலி எடுக்கும் நேரத்தில் இந்த லிஃப்ட் நின்றுவிட்டால்? அக்கா கிண்டலாகச் சொன்னாலும், தங்கையால் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் வேலையில் சேர்ந்த அன்றே, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், கிளஸ்டரைத் திறந்து பார்த்தாள்.

பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. பிறகு எதுவுமே புரியவில்லை.

லாக்கை மொத்தமாக ஒரே மூட்டையாக வைக்க முடியாது. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் சில துண்டுகளைக் கொடுத்து வைப்பார்கள். அளவாகப் பிரித்தால் தேடல் பறக்கும். இங்கே துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. திறந்து பார்த்தால் பெரும்பாலானவை காலி. அவள் வேகக் குழுவின் செயலாளரிடம் போனாள். அவர் மென்மையான மனிதர். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.

"சார், இதுல பாதிக்கு மேல ஒண்ணுமே இல்லையே. யார் சார் இப்படிப் பிரிச்சது?"

"பதவிப்படி பிரிச்சிருக்கு மேடம். தலைவருக்கு நானூறு துண்டு. துணைத்தலைவருக்கு இருநூறு. பிரிவு அதிகாரிங்களுக்கு அம்பது அம்பது. தோட்டப் பிரிவுக்கு ரெண்டு."

"தோட்டத்துல லிஃப்ட் இருக்கா சார்?"

"இல்ல. ஆனா தோட்டப் பிரிவு அதிகாரியும் மனுஷன்தானே."

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல ஆளாளுக்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள், உட்கார ஆள் வரவேயில்லை என்பது அவளுக்கு விளங்கியது.

"சார், ஒவ்வொரு தடவை தேடும்போதும் இத்தனை வாசலையும் தட்டி 'உள்ள யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் மிஷின் வருது. பூட்டின வீட்டையும் தட்டுது. அதனாலதான் லேட்டு."

செயலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றிக்கொண்டார். "தலைவரோட வாசலத் தட்டாம தாண்டிப் போனா, நல்லாவா இருக்கும்?"

அடுத்தது நட்சத்திரம். தேடும் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால், 'முன்னால் என்ன எழுத்து வேண்டுமானாலும் இருக்கட்டும்' என்று பொருள். அகராதியில் முதலெழுத்துத் தெரியாமல் ஒரு சொல்லைத் தேடுவது போன்றது அது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எல்லாச் சொல்லையும் பார்த்தாக வேண்டும். வாரியத்தில் நட்சத்திரம் இல்லாமல் யாரும் தேடுவதில்லை. எழுத்தருக்கு ஒன்று, அதிகாரிக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, தலைவருக்கு முன்னால் மூன்று பின்னால் மூன்று. தேடும் பக்கமே ஆளைப் பார்த்துத் தானாக ஒட்டிவிடும்.

"மூணு போட்டாலும் ஒண்ணு போட்டாலும் மிஷினுக்கு ஒண்ணுதான் சார்."

"மிஷினுக்கு அப்படி. மிஷின் இங்க வேலை பாக்கற ஆளா மேடம்? நாங்க பாக்கறோம்."

மூன்றாவது, தேதி. எந்தத் தேடலும் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தது. நேற்று நின்ற லிஃப்டைப் பற்றிக் கேட்டாலும் கிளஸ்டர் திறப்பு விழாவுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு நாளாக நடந்து வந்தது. 'வரலாற்றை மறந்த வாரியம் வளராது' என்று தலைவர் ஒரு கூட்டத்தில் பேசியதை யாரோ சட்டமாக எடுத்துக்கொண்டு விட்டார்கள். ஆக, ஊரில் யார் எங்கே மாட்டினாலும் கிளஸ்டர் முதலில் படிக்கும் வரி, யாரோ ஒருவர் அன்றைக்கு அடித்துப் பார்த்த 'ஹலோ ஹலோ, சோதனை சோதனை' என்பதுதான்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது தலைவர் அறைச் சுவர்.

அறையின் ஒரு பக்கம் முழுக்க டிவி மாதிரி திரை. அதில் ஒரே ஒரு எண். இதுவரை வந்த மொத்த லாக் வரிகளின் எண்ணிக்கை. கிளஸ்டர் ஒவ்வொரு நொடியும் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எண்ணி அதைக் காட்ட வேண்டும். அப்படிச் சுவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தன் பங்குக்கு ஒரு வரியாகப் பதிவாகும். ஆகவே ஊரில் ஒருத்தர்கூட லிஃப்டில் ஏறாவிட்டாலும் எண் ஏறிக்கொண்டேயிருந்தது. தலைவர் அதன் முன்னால் கைகட்டி நின்று பார்ப்பார்.

"பாருங்கம்மா," என்றார் அவளிடம். "ஊரே ஓய்வெடுக்குது. வாரியம் மட்டும் உழைக்குது."

"சார், அது தன்னைத்தானே எண்ணிக்கிட்டிருக்கு."

"தன்னைத் தான் அறியறதுக்கு மேல என்னம்மா இருக்கு?" என்றார் தலைவர்.

அவள் நான்கு யோசனைகளை எழுதி வேகக் குழுவின் முன் வைத்தாள். சுவரை அணைக்க வேண்டும். தேடலுக்குத் தேதி சொல்ல வேண்டும். தேதி சொன்னால் அந்தத் தேதி இல்லாத துண்டுகளைக் கிளஸ்டர் தட்டவே தட்டாது. நட்சத்திரத்தை எடுக்க வேண்டும். காலித் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். படித்து முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சின்னதாக யாரும் அங்கே பேசியதில்லை.

தலைவர் எழுந்தார்.

"வேகம் என்பது அவசரம் அல்ல. அவசரம் என்பதும் வேகம் அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிதானம் இருக்கிறது. அந்த நிதானத்தில்தான் இந்த வாரியம் இத்தனை காலமாக நின்றுகொண்டிருக்கிறது. நாம் நின்றதால்தான் நிலைத்தோம். ஓடியிருந்தால் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்போம்!"

கைதட்டல் ஓய நேரமானது. பிறகு ஓர் உறுப்பினர் கை தூக்கினார். "எனக்கு ஒரு சந்தேகம். இப்ப தேடல் ஓடற நேரத்துலதான் நாங்க சாப்பிடப் போறோம். அது உடனே முடிஞ்சிடுச்சுன்னா நாங்க எப்பதான் சாப்பிடறது?"

இது கனமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதை ஆராயச் சாப்பாட்டு நேரத் துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு அறிக்கை தரும்வரை நான்கு யோசனைகளும் நிலுவையில் வைக்கப்பட்டன.

அன்று சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. அன்று காலையில்தான் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தாள். கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன.

"நாளைக்கு நானே வந்து உங்க தலைவரப் பாக்கறேன்."

"வேண்டாம்க்கா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்தது போதும். உனக்கு வாய் எங்க இருக்கு? அது மொத்தத்தையும் நான்தான் வாங்கிட்டு வந்துட்டேனே."

சொன்னபடியே மறுநாள் வந்துவிட்டாள். வாரியத்தின் கட்டடத்தில் ஆறு மாடி. தலைவர் அறை ஆறாவதில். அக்கா கீழே லிஃப்டில் ஏறியபோது, கதவு மூடுவதற்குள் ஓர் ஆள் உள்ளே நுழைந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் தலைவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். லிஃப்ட் கிளம்பியது. அக்காவும் கிளம்பினாள். முதல் மாடி தாண்டுவதற்குள் ஒரு மாதத்துப் புகார்களைச் சொல்லி முடித்துவிட்டாள். தலைவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய பதில் நீளமானது. லிஃப்ட் மூன்றாம் மாடியை எட்டியபோது அவர் வாரியத்தின் தோற்றத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வேகத்தில் போனால் பேச்சு முடிவதற்குள் ஆறாம் மாடி வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட் நின்றது. அழுத்தினால் நிற்கும், மறுபடி ஓட வெளியிலிருந்து சாவி போட வேண்டும். இது தலைவருக்குத் தெரியாது.

புதுசு மூன்றாம் மாடிக்கு ஓடி வந்தபோது மெக்கானிக் சாவியோடு கதவருகே தயாராக நின்றுகொண்டிருந்தார். செயலாளர் சுவரிலிருந்த, லிஃப்டுக்குள் இருப்பவர்களோடு பேசும் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இவர்தான் சிவப்புப் பொத்தான அழுத்தினாரு! என் கண்ணால பாத்தேன்!"

"நான் அழுத்தவில்லை," என்றது தலைவரின் குரல். "கை வைத்தேன்."

மெக்கானிக் சாவியைத் துளைக்குள் நுழைக்கப் போனார். செயலாளர் அவர் கையைப் பிடித்துவிட்டார். "என்னப்பா பண்ற?"

"அதான் காரணம் தெரிஞ்சிடுச்சே சார்."

"எங்க தெரிஞ்சுது? நேர்ல பாத்தவங்க சொன்னா அது சாட்சி. லாக்ல வந்தாத்தான் காரணம். தேடலப் போட்டாச்சு. ஓடிக்கிட்டிருக்கு."

புதுசு மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். கிளஸ்டர் 'ஹலோ ஹலோ, சோதனை சோதனை'யைத் தாண்டி, வாரியத்தின் முதல் வாரத்தில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

"சார், எங்க அக்காவுக்கு நிறைமாசம்," என்றாள். "கதவத் திறங்க சார். அப்புறம் ஆற அமரத் தேடலாம்."

செயலாளருக்கும் முகம் வாடித்தான் போனது. "எனக்கு மட்டும் ஆசையா மேடம்? விதி அப்படி. நான் கதவத் திறந்தா, காரணம்ங்கற இடம் காலியாப் போகும். தலைவர் சாப்பிட மாட்டாரு."

"அவரே உள்ளதான் இருக்காரு!"

இந்தக் கோணத்தில் செயலாளர் யோசிக்கவில்லை. பெட்டியிடம் குனிந்தார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

"கதவத் திறய்யா!" என்றார் தலைவர்.

செயலாளர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "சார், மன்னிக்கணும். எந்த ஹோதாவுல பேசறீங்க? மாட்டிக்கிட்டவராவா, தலைவராவா?"

"என்னய்யா வித்தியாசம்?"

"மாட்டிக்கிட்டவங்க பேச்சக் கேக்கலாம், ஆனா செயல்படுத்தக் கூடாது. பதற்றத்துல ஏதாவது சொல்லுவாங்கன்னு நீங்கதான் சார் விதி போட்டீங்க."

"அப்ப தலைவரா சொல்றேன். திற!"

"தலைவரா சொல்றதுன்னா குழு கூட்டத்துலதான் சார் சொல்ல முடியும். அதுலயும் புது விஷயம்னா முன்னறிவிப்பு வேணும். ஏற்கெனவே நிலுவைல இருக்கற விஷயம்னா உடனே எடுத்துக்கலாம்."

பெட்டியிலிருந்து அக்கா கேட்டாள்: "இவங்கள்லாம் சம்பளத்துக்குத்தான் இப்படி இருக்காங்களா, இல்ல சும்மாவேவா?"

நிலுவையில் இருக்கும் விஷயம் என்ற வார்த்தை புதுசின் காதில் விழுந்ததும் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "சார், என்னோட நாலு யோசனை நிலுவைலதான் இருக்கு. இப்பவே கூட்டத்தக் கூட்டுங்க. இங்கயே."

செயலாளர் அவளை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். விதியை மீறச் சொல்பவர்களை அவருக்குப் பழக்கம். விதிக்குள் ஓடுகிறவளை அப்போதுதான் பார்க்கிறார். பரபரவென்று ஆள் அனுப்பினார். வேகக் குழு உறுப்பினர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி நடைக்கு வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட் கதவைப் பார்த்து அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரத் துணைக்குழுவினர் கை கழுவிக்கொண்டு கடைசியாக வந்தார்கள்.

"தலைவர் அவர்கள் கூட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டுகிறேன்," என்று செயலாளர் கதவைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டம் என்றதும் தலைவரின் குரலே மாறிவிட்டது. "பெருமக்களே! 'மாட்டிக்கொண்டிருக்கும் பொதுமக்களே' என்று எத்தனையோ மேடைகளில் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். பொறுமையாக இருங்கள், காரணம் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அப்போது நான் இருந்த இடத்தில் காற்று வந்தது. இன்று இல்லை. இருந்தாலும், இந்த வாரியத்தின் தோற்றத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போமானால்..."

"ஐயோ, வலிக்குதே!" என்று அக்கா அலறினாள்.

நடையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. புதுசு கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "அக்கா! அக்கா!"

"யோவ், இந்த அம்மாவுக்கு வலி வந்திடுச்சு!" தலைவரின் குரல் கீச்சென்று வந்தது. மேடைத் தமிழ் போன இடம் தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா! நான் வெறும் தலைவர்தான்யா! எல்லாத்தையும் நிறைவேத்து!"

"ஒவ்வொண்ணாத்தான் சார் எடுக்கணும். முதல் யோசனை, சுவரை அணைத்தல். தலைவரின் கருத்து?"

பெட்டியில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "சுவரா?" என்றார் தலைவர் ஈனமாக. "சுவர் மட்டும் இருக்கட்டுமே..."

"ஐயையோ!" என்றாள் அக்கா.

"அணைச்சிடு! அணைச்சுத் தொலை!"

"தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா?"

"தற்காலிகமா!" என்று ஒரு கதறல். உயிர் போகும் நேரத்திலும் அவர் நிரந்தரம் என்று சொல்லவில்லை என்பதைக் குழு பெருமையோடு குறித்துக்கொண்டது.

தேதியும் நட்சத்திரமும் அடுத்தடுத்து நிறைவேறின. துண்டுகளைச் சேர்ப்பது மட்டும் அப்போதைக்கு ஆகிற வேலையில்லை என்று புதுசே சொல்லிவிட்டாள். சுவரை அணைத்தாள். ஓடிக்கொண்டிருந்த தேடலை நிறுத்தினாள். தேடும் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டாள், நட்சத்திரங்களைப் பிடுங்கி எறிந்தாள், மறுபடி தட்டினாள்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது.

ஓர் உறுப்பினர், சாப்பிடப் போகலாம் என்று பாதி எழுந்தவர், அப்படியே நின்றுவிட்டார். செயலாளர் இரண்டு கண்ணாடியையும் சேர்த்து மூக்கில் மாட்டிக்கொண்டு படித்தார். "தலைமை அலுவலக லிஃப்ட். உள்ளேயிருந்து சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டது." நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன. "காரணம் கிடைச்சிடுச்சுப்பா. திற."

கதவு திறந்தது. தலைவர் முதலில் வந்தார். தரையைத் தொட்டு நின்று, எல்லோரையும் பார்த்து, வழக்கப்படி கைகூப்பினார். அவருக்குப் பின்னால் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்து, காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"அக்கா, வலி எப்படி இருக்கு? ஆம்புலன்ஸ் வரச் சொல்லவா?"

"எதுக்குடி? உக்காந்ததும் சரியாப் போச்சு. கால் வலி."

"கால் வலியா!"

"வலிக்குதுன்னுதான் சொன்னேன். எங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

புதுசுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அக்காவின் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வேகக் குழு பார்த்துக்கொண்டிருக்க, அந்த நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நிஜமான வலி சில நாள் கழித்து வந்தது. பதினோராம் மாடி லிஃப்ட் வழக்கம்போல நின்றது. மெக்கானிக் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே காரணம் வந்து காத்துக்கொண்டிருந்தது. நேராகச் சாவியைப் போட்டார். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. பெண். அக்காவின் வாயைக் கொண்டு பிறந்திருப்பதாக வார்டு முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையே தற்காலிகம் முடிந்துவிட்டதாகத் தலைவர் அறிவித்தார். அவருக்குச் சுவர் வேண்டும். அதிகாரிகளுக்கு நட்சத்திரம் வேண்டும், துண்டிலும் யாரும் கை வைக்கக் கூடாது. புதுசு மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். திரையில் நட்சத்திரங்கள் பழையபடி மின்னின. கிளஸ்டருக்குப் போகும் வழியில் மட்டும் உதிர்ந்துவிடும்படி செய்திருந்தாள். காலித் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரு சில துண்டுகளாக்கிவிட்டு, பழைய பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். ஒரே துண்டுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கக் கிளஸ்டரில் இடமுண்டு. தலைவர் எண்ணிப் பார்த்தார், நானூறும் இருந்தன. சுவரில் ஏறும் எண்ணை இப்போது யாரும் எண்ணுவதில்லை. காலையில் ஒருமுறை உண்மையான கணக்கு வரும். பிறகு நாள் முழுக்க அது தானாகவே ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும்.

"முன்னைவிட ஒரு கம்பீரம் தெரியுதும்மா," என்றார் தலைவர், கைகட்டி நின்று.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புகார் வந்தது. கணக்காயர் ஒருவர். லிஃப்ட் நின்றதும் சுவரில் சாய்ந்து, செய்தித்தாளை விரித்து முதல் பத்தியைத்தான் படித்திருக்கிறார். கதவு திறந்துவிட்டது.

"வீட்ல மூணு பசங்க," என்று அவர் நேரில் வந்து குமுறினார். "ஆபீஸ்ல மேனேஜர். நான் தனியா இருக்கற ஒரே இடம் அந்த லிஃப்ட்தான் சார். அதுல நின்னாத்தான் எனக்கு ஓய்வு. அதுலயும் மண்ணப் போடறீங்களே!"

வாரியம் முழுக்க அன்று ஒரு மலர்ச்சி பரவியது. செயலாளர் அந்தப் புகாரை எல்லா அறைக்கும் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினார். மக்கள் கேட்கிறார்கள், இனித் தட்டிக்கழிக்க முடியாது என்று தலைவர் சொன்னார். மிகைவேகத் தடுப்புக் குழு அமைக்கப்பட்டது. விடைகள் இவ்வளவு சீக்கிரம் வந்தால் அவற்றை நம்பலாமா, வந்த விடையைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அனுப்பலாமா என்பதையெல்லாம் அது ஆராயும். உறுப்பினர்களில் ஒருத்தியாகப் புதுசையும் போட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு எல்லோரும் குறித்த நேரம் கடந்து வந்து சேர்ந்தார்கள். தலைவர் வரவேற்புரைக்காக எழுந்து, தொண்டையைக் கனைத்தார். அப்போது புதுசின் ஃபோன் அதிர்ந்தது. மெக்கானிக். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தபால்காரர் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். அவள் சத்தமில்லாமல் வெளியே போய்த் தேடிப் பார்த்தாள். கதவிடுக்கில் ஒரு தபால் சிக்கியிருந்தது. சொன்னாள். கதவு திறக்கும் சத்தமும், தபால்காரர் யாரையோ நன்றாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும் சத்தமும் ஃபோனில் கேட்டன. திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலைவர் அப்போதுதான் "பெருமதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து, யார் என்பதைச் சொல்ல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.